விளையாட்டுக்கும் எழுத்து வேண்டும்!

1971-ம் ஆண்டு. அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்ற நகரம். அங்கே மூன்று வாலிபர்கள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

மூவரும் கார்ல்டன் கல்லூரி மாணவர்கள். படிப்பு முடிகிற வருடம். வாத்தியார் வேலைக்குப் பயிற்சி பெறுவதற்காக, நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்திக் கொண்டிருந்தார்கள்.

ஒருவர் பெயர் டான் ராவிட்ச். அவர் சரித்திரம் நடத்தினார். மற்ற இருவர் பில் ஹைன்மேன், பால் டில்லன்பெர்கர். அவர்கள் கணக்கு நடத்தினார்கள்.

ஒரு நாள் ராவிட்ச் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, அதில் வழிப்படம் வரைந்து கொண்டிருந்தார். அதற்குப் பகடைக்காய் உண்டு. சின்னச் சின்ன அட்டைகளும் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு விபத்து, ஒரு கஷ்டம், ஒரு அதிர்ஷ்டம்.

அது ஒரு விளையாட்டு!

8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்க, அவர் கண்டுபிடித்த வழி அது.

அன்று காகிதத்தில் பிறந்த அந்த விளையாட்டு, 50 வருடங்களைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. கம்ப்யூட்டரால் அது வாழ்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால், நடுவில் ஒரு முறை அது கம்ப்யூட்டரில் இருந்து அடியோடு அழிந்து போனது. அப்போது அதைக் காப்பாற்றியது காகிதம்தான்.

இன்று பல நாடுகளில் விளையாட்டு உருவாக்குவது ஒரு படிப்பாகி விட்டது. நாலைந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒரு விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். செய்வதற்கு முன்பு, "என்ன செய்யப் போகிறோம்?" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"விளையாட்டைச் செய்யச் சொன்னால் செய்கிறோம். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எதற்கு எழுத வேண்டும்?" என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எழுதத்தான் வேண்டும். ஏன் என்பதற்கு அந்த மூன்று வாலிபர்களின் கதையே சாட்சி.

மாட்டு வண்டிப் பயணம்

ராவிட்ச் நடத்த வேண்டிய பாடம், மேற்கே குடியேறப் போன மக்களின் கதை.

19-ம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில் ஏராளமான குடும்பங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டன. மிசூரி என்ற இடத்தில் கிளம்பி, ஒரேகான் என்ற மேற்குச் சீமைக்குப் போனார்கள். சுமார் 2 ஆயிரம் மைல் தூரம். மாடு கட்டிய வண்டியில் பயணம். போய்ச் சேர 4 மாதம் முதல் 6 மாதம் வரை ஆகும்.

வழியில் ஆறு குறுக்கிடும். மலை குறுக்கிடும். வண்டி உடையும். காலரா வரும். பனி கொட்டுவதற்கு முன்பு மலையைக் கடந்தாக வேண்டும். கடக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. வழியிலேயே செத்துப் போனவர்கள் பலர்.

இதைப் புத்தகத்தில் படித்தால், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து போகும். பிள்ளைகளே அந்த வண்டியை ஓட்டுவது போல் ஒரு விளையாட்டு இருந்தால்? மாடு வாங்குவதா, மாவு வாங்குவதா என்று அவர்களே தவித்தால்? மறக்கவே மறக்காது!

இப்படி நினைத்துத்தான் ராவிட்ச் வழிப்படம் வரைந்தார்.

கணக்கு வாத்தியார்களான நண்பர்கள் அதைப் பார்த்தார்கள். "இதைக் கம்ப்யூட்டரில் செய்யலாமே!" என்ற யோசனை அவர்களிடம் பிறந்தது. ராவிட்சுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. நண்பர்களுக்குத் தெரியும்.

ஆனால் நேரம் இல்லை. அந்தப் பாடம் தொடங்க சுமார் 2 வாரமே இருந்தது.

திரை இல்லாத கம்ப்யூட்டர்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது தட்டச்சு மிஷின் மாதிரி ஒரு கருவி. அதற்கு டெலிடைப் என்று பெயர். திரை கிடையாது. படம் கிடையாது. கம்ப்யூட்டர் வேறு எங்கோ இருக்கும். டெலிபோன் கம்பி வழியாக அதோடு தொடர்பு. இங்கே தட்டினால் கேள்வி அங்கே போகும். பதில் திரும்பி வந்து, காகிதச் சுருளில் அச்சாகும்.

இந்தக் கருவியை வைத்துக் கொண்டு, மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். வழியில் என்ன நடக்கும், எந்த இடத்தில் என்ன ஆபத்து என்ற சரித்திரச் செய்திகள் ராவிட்சின் பொறுப்பு. அவற்றைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றி எழுதுவது மற்ற இருவரின் பொறுப்பு.

2 வாரத்துக்குள் வேலை முடிந்தது! "ஒரேகான் பாதை" என்று விளையாட்டுக்குப் பெயர் வைத்தார்கள். டிசம்பர் 3-ந் தேதி வகுப்பில் பிள்ளைகள் அதை ஆடினார்கள்.

அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது?

நண்பர்கள் கையைப் போட்ட போது, விளையாட்டு ஏற்கனவே காகிதத்தில் இருந்தது. எங்கே புறப்படுவது, எங்கே போய்ச் சேருவது, வழியில் என்னென்ன வரும் என்பதற்கெல்லாம் வழிப்படமும் அட்டைகளும் பதில் சொல்லின. மூன்று பேர் தலையிலும் ஒரே விளையாட்டு ஓடியது. "நீ நினைத்தது வேறு, நான் நினைத்தது வேறு" என்ற சண்டைக்கு இடம் குறைவு.

கல்யாண நோட்டு

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஒரு நோட்டை எடுக்கிறார்கள். எத்தனை பேருக்குச் சாப்பாடு? எத்தனை மூட்டை அரிசி? பந்தலுக்கு யார்? பத்திரிகை கொடுக்க யார்? எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். மாமா ஒரு நினைப்பில், சித்தப்பா ஒரு நினைப்பில் ஆளுக்கொரு பக்கம் ஓடினால், முகூர்த்த நேரத்தில் தாலிக்கயிற்றைத் தேட வேண்டி வரும்!

விளையாட்டுச் செய்கிறவர்களுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதைத் "திட்ட ஏடு" என்று சொல்லலாம்.

இந்த விளையாட்டு எதைப் பற்றியது? ஆடுகிறவர் யார்? அவர் என்னென்ன செய்யலாம்? எதைச் செய்ய முடியாது? எப்போது வெற்றி? எப்போது தோல்வி? படம் வரைவது யார்? கட்டளை எழுதுவது யார்? எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்? இத்தனைக்கும் திட்ட ஏட்டில் பதில் இருக்க வேண்டும்.

"ஒரேகான் பாதை" விளையாட்டின் விதிகளையே பாருங்கள். அதன் கட்டளைகள் 1978-ம் ஆண்டில் "கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்" என்ற அமெரிக்கப் பத்திரிகையில் அச்சாகி வந்தன. அதில் உள்ளபடி, பயணம் 1847-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி தொடங்குகிறது. 2,040 மைல் போக வேண்டும்.

கையில் 900 டாலர் சேமிப்பு. வண்டி வாங்க 200 டாலர் செலவாகி விட்டது. மீதி 700. அதில் 200 முதல் 300 டாலர் வரை மாட்டுக்கு. எஞ்சியதை வைத்துச் சாப்பாடு, துப்பாக்கிக் குண்டு, துணிமணி, மருந்து முதலிய சில்லரைச் சாமான்கள் எல்லாம் வாங்க வேண்டும்.

நல்ல மாடு வாங்கினால் வண்டி வேகமாகப் போகும். ஆனால் சாப்பாட்டுக்குப் பணம் குறையும். துணியில் மிச்சம் பிடித்தால், மலையில் குளிர் வாட்டும். மருந்து வாங்காமல் விட்டவனைப் பாம்பு கடித்தால் அதோடு ஆட்டம் முடிந்தது!

இது எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்குத்தான். மாதச் சம்பளத்தைப் பங்கு போடுகிற தாய்க்கு, இந்த விளையாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

700 டாலர் என்ற ஒரே ஒரு எண்ணில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. அதை 7 ஆயிரம் ஆக்கினால், எல்லாவற்றையும் வாங்கி விடலாம், தவிப்பு இல்லை. 70 ஆக்கினால் யாராலும் போய்ச் சேர முடியாது. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதும், அதைக் காகிதத்தில் எழுதி மற்றவர்கள் முன்னால் வைப்பதும்தான் திட்ட ஏட்டின் வேலை.

பிள்ளைகள் பிரித்துக் கொண்ட வேலை

வகுப்பில் நடந்தது இன்னும் சுவையானது.

எல்லோருக்கும் ஆளுக்கொரு கருவி கிடையாது. ஆகவே பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஆடினார்கள். எதை வாங்குவது, எந்தப் பக்கம் போவது என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

வேட்டையாட வேண்டிய நேரம் வந்தால், துப்பாக்கிச் சத்தத்தைக் குறிக்கும் ஒரு வார்த்தையைப் பிழை இல்லாமல் வேகமாகத் தட்ட வேண்டும். தாமதித்தால் மிருகம் ஓடி விடும். ஆகவே வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளையைக் கருவி முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பிள்ளை வழிப்படத்தைப் பார்த்துக் கொண்டது. ஒரு பிள்ளை பணக்கணக்கைப் பார்த்துக் கொண்டது.

"நீ இதைச் செய், அவன் அதைச் செய்யட்டும்" என்று ஆளுக்கு ஏற்ற வேலையை அந்தப் பிள்ளைகளே பிரித்துக் கொண்டார்கள். விதி தெளிவாக இருந்ததால், யார் எதற்கு வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

பெரிய கல்லூரி மாணவர்கள் பலர் தடுமாறுகிற இடம் இதுதான்.

ஒருவன் உழைக்க, நால்வர் கையெழுத்து

குழுவாக வேலை செய்யச் சொன்னால் என்ன நடக்கிறது?

ஐந்து பேர் குழுவில் ஒரு மாணவி ராத்திரி கண் விழித்து எழுதுகிறாள். ஒருவன் "எழுதி முடித்ததும் சொல்லு, பார்க்கிறேன்" என்கிறான். ஒருவன் கூட்டத்துக்கே வருவதில்லை. இன்னொருவன் வருகிறான், நூறு யோசனை சொல்கிறான், ஒன்றையும் செய்வதில்லை. கடைசி நாளில் அட்டையில் ஐந்து பெயரும் ஏறுகின்றன. ஐந்து பேருக்கும் ஒரே மார்க்!

உழைத்த மாணவி வாய் திறப்பதில்லை. சிநேகிதம் கெட்டுப் போகுமே என்ற பயம். உழைக்காதவனுக்கும் அதில் நஷ்டம்தான். படிப்பு முடிந்து வேலை தேடிப் போகிற இடத்தில், "இதில் நீ செய்தது எது?" என்று கேட்டால், அவன் எதைக் காட்டுவான்?

இன்னொரு கூத்தும் உண்டு. விளையாட்டை முதலில் செய்து விடுகிறார்கள். பிறகு, மார்க்குக்காக, முன்பே திட்டம் போட்டது போல ஒரு ஏட்டை எழுதிச் சேர்க்கிறார்கள். கல்யாணம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, கல்யாண நோட்டு எழுதுவது போன்றது இது.

இதற்கு மாணவர்களை மட்டும் திட்டுவது நியாயம் அல்ல. "40 பக்கம் எழுதி வா" என்று பக்கத்தை எண்ணி மார்க் போட்டால், பிள்ளைகள் பக்கத்தைத்தான் நிரப்புவார்கள்.

அதற்குப் பதிலாக, ஆசிரியர் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று: ஒவ்வொரு பகுதிக்குக் கீழேயும் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கச் சொல்லலாம். இரண்டு: ஒருவர் எழுதிய பகுதியைப் பற்றி இன்னொருவரிடம் கேள்வி கேட்கலாம். "உன் சிநேகிதி எழுதிய இந்த விதியை விளக்கு. இது ஏன் வேண்டும்?" என்று கேட்டால், யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்து போகும்.

திட்ட ஏடு நன்றாக எழுதப்பட்டால், அதுவே உழைத்தவனுக்குச் சாட்சி. சண்டை வந்தால் அதுவே பஞ்சாயத்து.

ஏட்டுச் சுரைக்காயா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். அதிலும் உண்மை இருக்கிறது. எழுதுவதிலேயே காலம் போய், விளையாட்டு வராமலே நின்று போன குழுக்கள் உண்டு. காகிதத்தில் அருமையாக இருக்கும் விதி, ஆடிப் பார்த்தால் சலிப்புத் தட்டுவதும் உண்டு.

ஆகவே ஏடு எழுதினால் போதாது. எழுதியதை ஆடிப் பார்க்க வேண்டும். ஆடிப் பார்த்ததும் திருத்த வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலே, காகிதத்தையும் பகடையையும் வைத்துக் கொண்டு பாதி விளையாட்டை ஆடிப் பார்த்து விடலாம்.

திருத்தமே இல்லாத திட்ட ஏட்டைக் கண்டால், "இந்தப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டைத் தாங்களே ஆடிப் பார்க்கவில்லை" என்று ஆசிரியர் சந்தேகப்படலாம். அடித்தலும் திருத்தலுமாக இருக்கிற ஏட்டுக்கு மார்க்கைக் கூட்டிப் போட வேண்டும்!

"ஒரேகான் பாதை" அப்படித் திருத்தப்பட்டதுதான். ஆனால் அதற்கு முன்னால் அது அழிந்து போனது.

அழிந்ததும் பிழைத்ததும்

பயிற்சிக் காலம் முடிந்தது. வாலிபர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டும். ராவிட்ச் தங்கள் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் இருந்து அழித்து விட்டார்.

அழிப்பதற்கு முன்பு ஒரு காரியம் செய்தார். கட்டளைகள் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக் கொண்டார். சுமார் 800 வரிகள்.

அந்தக் காகிதம் மூன்று வருடம் சும்மா கிடந்தது.

1974-ம் ஆண்டில் ராவிட்சுக்கு மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை கிடைத்தது. மாநிலத்தில் உள்ள பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து கொடுப்பது அதன் வேலை. பள்ளிக்கூடங்களுக்கு உதவும் பாடங்கள் அங்கே தேவைப்பட்டன.

ராவிட்ச் பழைய காகிதத்தை வெளியே எடுத்தார். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தட்டினார். செத்துப் போன விளையாட்டு எழுந்து உட்கார்ந்தது!

அந்தக் காகிதம் இல்லாவிட்டால்? மூன்று நண்பர்கள் என்றோ செய்த ஒரு வேடிக்கை என்று, அவர்களோடே அது மறைந்து போயிருக்கும்.

விதியைத் திருத்தினார்

ராவிட்ச் அத்தோடு நிற்கவில்லை.

1971-ல் அவசரத்தில் செய்த விளையாட்டு. எத்தனை தடவை வண்டி உடையும், எத்தனை தடவை நோய் வரும் என்பதை உத்தேசமாகப் போட்டிருந்தார்கள். இப்போது அவர், அந்தப் பாதையில் உண்மையாகவே போனவர்கள் எழுதி வைத்த டைரிகளைப் படித்தார். உண்மையில் என்னென்ன நடந்தது, எவ்வளவு அடிக்கடி நடந்தது என்று பார்த்து, விளையாட்டின் எண்களை மாற்றினார்.

டைரிகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள், பயணிகளுக்கு உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டி உதவியிருக்கிறார்கள். சினிமாவில் காட்டுவது போல அவர்களை வெறும் எதிரிகளாக வைத்தால், அது பொய்ச் சரித்திரம். அந்த உதவியும் விளையாட்டில் இடம் பெற்றது.

ஒரு விளையாட்டின் விதி, சத்தம் போடாமல் ஒரு கருத்தைச் சொல்கிறது. "இவன் நல்லவன், இவன் கெட்டவன், இது லாபம், இது நஷ்டம்" என்று ஆடுகிற பிள்ளையின் மனதில் பதிய வைக்கிறது. அதை எழுதிப் பார்த்தால்தான், "இது சரியா?" என்று யாராவது கேட்க முடியும். எழுதாமல் விட்டால், செய்தவனுக்கே அது தெரியாது.

திருத்திய விளையாட்டு மாநிலம் முழுவதும் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பிறகு நாடு முழுவதும் பரவியது. 1985-ம் ஆண்டில் படங்களோடு புதிய வடிவம் வந்தது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதை ஆடி வளர்ந்தார்கள். 2016-ம் ஆண்டில், ரோச்செஸ்டர் நகரில் உள்ள உலக வீடியோ விளையாட்டுப் புகழ்க் கூடத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

அதைச் செய்த மூன்று மாணவர்களும் அதன் விற்பனையால் பணக்காரர்கள் ஆகவில்லை. பேர் மட்டும் நிலைத்தது.

குதிக்காத இளவரசி

திட்ட ஏட்டில் எழுத வேண்டிய இன்னொன்று உண்டு. "என்ன வேண்டாம்?" என்பது.

மாணவர்களுக்கு ஆசை பெரிது. பறக்க வேண்டும், நீந்த வேண்டும், நூறு ஊர் வேண்டும், ஆயிரம் ஆயுதம் வேண்டும் என்று எழுதுவார்கள். நாட்கள் நழுவும். கடைசியில் ஒன்றும் முழுதாக இருக்காது.

2005-ம் ஆண்டில், அமெரிக்காவில் ரெட்மண்ட் என்ற ஊரில் உள்ள டிஜிபென் கல்லூரி மாணவர்கள் ஒரு விளையாட்டைச் செய்தார்கள். அந்தக் குழுவில் கிம் ஸ்விப்ட் என்ற மாணவி ஒருவர். கதை எளிது. ஓர் இளவரசி பாதாளச் சிறையில் இருக்கிறாள். தப்பிக்க வேண்டும்.

அவளால் குதிக்க முடியாது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. சுவரிலும் தரையிலும் இரண்டு மாய வாசல்கள் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். அவ்வளவுதான்!

இந்த ஒரே யோசனையை, அதன் எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்த்தார்கள். வால்வ் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனியார் அதைப் பார்த்தார்கள். அந்த மாணவர்களை வேலைக்கே எடுத்துக் கொண்டார்கள். அதே யோசனையை வைத்து 2007-ம் ஆண்டில் "போர்ட்டல்" என்ற விளையாட்டு வந்தது. உலகப் புகழ் பெற்றது.

குதிப்பதை விட்டதால் அந்த விளையாட்டுக்கு நஷ்டம் இல்லை. இளவரசி குதித்திருந்தால், வாசலைப் பற்றி ஆடுகிறவர் யோசித்தே இருக்க மாட்டார்.

மிஷின் எழுதிக் கொடுத்தால்?

இன்று ஒரு புதிய கேள்வி வந்திருக்கிறது. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டரிடம் சொன்னால், அரை நிமிஷத்தில் 40 பக்கத் திட்ட ஏட்டை எழுதித் தருகிறது. பிழை இல்லாத எழுத்து. அழகான தலைப்புகள். பிறகு மாணவர்கள் ஏன் மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டும்?

ஐந்து பேர் உட்கார்ந்து, "700 டாலர் போதுமா?" என்று வாதாடுகிறார்கள். ஒருத்தி "போதாது" என்கிறாள். ஒருவன் "ஆடிப் பார்ப்போம்" என்கிறான். ஆடுகிறார்கள். தோற்கிறார்கள். மறுபடி கணக்குப் போடுகிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒப்புக் கொண்டு, ஒரு எண்ணை எழுதுகிறார்கள். அந்த எண் ஐந்து பேருக்கும் சொந்தம். அது ஏன் வந்தது என்று ஐந்து பேருக்கும் தெரியும்.

மிஷின் எழுதிய ஏட்டில் எண் இருக்கும். இந்த ஒப்பந்தம் இருக்காது. முதல் சிக்கல் வந்ததும் ஐந்து பேரும் ஐந்து பக்கம் இழுப்பார்கள்.

எழுத்துப் பிழை பார்க்க மிஷினைக் கேட்கலாம். விடுபட்டது எது என்று கேட்கலாம். அதில் தப்பு இல்லை. ஆனால் விதியை முடிவு செய்கிற வாதத்தை மிஷினிடம் விட்டால், படிப்பையே அதனிடம் விட்டது போல் ஆகும்.

பெற்றோர் கவலை

"பிள்ளை கல்லூரிக்குப் போய் விளையாட்டுச் செய்கிறானாம்!" என்று கவலைப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கவலை வருவது இயற்கை.

அவர்கள் பிள்ளையிடம் ஒன்று கேட்கலாம்: "உங்கள் திட்ட ஏட்டைக் கொண்டு வா. எனக்குப் புரிகிற மாதிரி படித்துக் காட்டு."

பிள்ளை படித்துக் காட்டட்டும். அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் புரியவில்லை என்றால், எழுத்தில் தெளிவு போதாது. மறுபடி எழுத வேண்டும். புரிந்தது என்றால், அந்தப் பிள்ளை உருப்படியாக ஏதோ கற்றுக் கொண்டிருக்கிறான்.

மனதில் இருப்பதை மற்றவருக்குப் புரியும்படி எழுதுவது, கொடுத்த வேலையைக் குறித்த தேதியில் முடிப்பது, அடுத்தவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, தப்பு என்று தெரிந்தால் திருத்துவது... நாளைக்கு அவன் விளையாட்டுக் கம்பெனிக்கே போகாமல், கடை வைத்தாலும், கட்டடம் கட்டினாலும், இவை நான்கும் அவன் கூடவே வரும்.

மினியாபொலிஸ் நகரத்து வாலிபர்கள் மூவருக்கும், தாங்கள் பெரிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு இருந்திருக்காது. அடுத்த வாரம் வகுப்பு நடத்த வேண்டும். பிள்ளைகள் தூங்காமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கவலை.

ஆனால், விளையாட்டு என்று அலட்சியமாக இருக்கவில்லை. முதலில் காகிதத்தில் வரைந்தார்கள். கூடி வேலை செய்தார்கள். போகும்போது அழித்து விட்டுப் போனாலும், ஒரு பிரதியை எடுத்து வைத்தார்கள். தப்பாக இருந்ததைப் பிறகு திருத்தினார்கள்.

இன்று திட்ட ஏடு எழுத உட்காரும் மாணவர்களும் அந்த 800 வரிக் காகிதத்தை ஒரு முறை நினைத்துக் கொள்ளட்டும். தாங்கள் எழுதும் ஏட்டையும் பத்திரமாக வைக்கட்டும். மூன்று வருடம் கழித்து, அதைத் தேடி எடுக்கிற நாள் அவர்களுக்கும் வரலாம்.